முதல் ரைஃபிள், முதல் ஷாட்கன்: உயரம் குறைந்தவளுக்கு எது பொருந்தும்?

நாணல்:

எல்லோருக்கும் வணக்கம். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டேன், உரிமமும் கைக்கு வந்துவிட்டது. அடுத்த பருவம் தொடங்குவதற்குள் ஒரு ரைஃபிளும் ஒரு ஷாட்கன்னும் வாங்கிப் பழகிவிட வேண்டும் என்று இருக்கிறேன். ரைஃபிள் மானுக்கு. 200 கஜத்துக்கு மேல் சுடுகிற எண்ணமே கிடையாது. ஷாட்கன் வாத்துக்கு.

என் உயரம் 157 செ.மீ., ஆள் ஒல்லி, வலது கைப் பழக்கம். வகுப்பில் கொடுத்த ரைஃபிளைத் தோளில் வைத்தபோது கழுத்தை எட்டி நீட்டினால்தான் ஸ்கோப்புக்குள் முழுதாகத் தெரிந்தது. ஐந்து தோட்டா சுட்டதில் தோள் கன்றிப்போய் ஒரு வாரம் பை மாட்ட முடியவில்லை. இதை என்னோடு வேட்டைக்கு வரப்போகிறவர்களிடம் சொன்னால், "பழகிவிடும், வாங்குவதை .300 வின்செஸ்டர் மேக்னம் என்கிற பலத்த தோட்டாவைச் சுடுவதாகவே வாங்கு, எந்த மிருகத்துக்கும் ஆகும்" என்கிறார்கள். இன்னொருவர், "எடை குறைந்ததாக எடு, நடக்கச் சுகம்" என்கிறார். ஷாட்கன்னில் 12 கேஜா, 20 கேஜா (கேஜ் என்பது குழல் அகலம், எண் குறைந்தால் குழல் பெரிது) என்பதற்கு நான்கு பேரிடம் நான்கு பதில்.

கையில் இருக்கும் பணத்தை எதில் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

முன்பனி:

தங்கச்சி, மேக்னம் வேண்டாம். எடை குறைந்த மேக்னம் கண்டிப்பாக வேண்டாம். நான் முதலில் வாங்கியது அதுதான்.

.300 வின்செஸ்டர் மேக்னம், ஸ்கோப்போடு சேர்த்தே மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. கையில் எடுத்தால் குச்சி மாதிரி இருக்கும். ஆனால் ஒரே தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கியின் எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு உதை கூடும். அந்த மேக்னம் தோட்டாவின் உதையே, மான் வேட்டையில் சாதாரணமாகப் புழங்கும் .308 தோட்டாவைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சுடுதளத்தில் பத்துச் சுட்டால் எனக்குப் போதும் என்றாகிவிடும். அதனால் பழகவே இல்லை. அந்த வருடம் மொத்தமே இரண்டு பெட்டித் தோட்டாதான் சுட்டிருப்பேன்.

120 கஜத்தில் ஒரு மான் பக்கவாட்டில் நின்றது. இதைவிட எளிதான சூடு அமையாது. விசையை இழுத்தேன். மான் முதுகைக் கூனிக்கொண்டு புதருக்குள் போனது. நின்ற இடத்தில் போய்ப் பார்த்தால் ரத்தம் கொஞ்சம், அதோடு பச்சையாக, அரைபட்ட புல். குண்டு நெஞ்சுக்கு ஒரு சாண் பின்னால் வயிற்றில் பட்டிருந்தது. இருட்டும் வரை தேடினோம், டார்ச் வைத்துத் தேடினோம், கிடைக்கவில்லை. விடிந்ததும் மறுபடி போய், 400 அடி தள்ளி ஒரு பள்ளத்தில் கண்டுபிடித்தோம். கழுத்தில் கை வைத்தேன். உடம்பு இன்னும் சூடாக இருந்தது. அப்படியென்றால் அது இரவு முழுவதும் உயிரோடு கிடந்திருக்கிறது. அந்தச் சூடு இன்றைக்கும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

ஸ்கோப் நகர்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். என்னைவிட மூத்த வேட்டைக்காரர் ஒருவர் சுடுதளத்துக்குக் கூட்டிப்போய், துப்பாக்கியை அவரே நிரப்பித் தருவதாகச் சொன்னார். சில தடவை நிஜத் தோட்டா, சில தடவை போலித் தோட்டா, எது என்று எனக்குச் சொல்லமாட்டார். மூன்றாவது தடவை "டிக்" என்று வெற்றுச் சத்தம் வந்தது. வெடிக்கவே இல்லை, ஆனாலும் குழல் வாய் நான்கு விரல் அளவுக்குக் கீழே பாய்ந்தது. என் கண் இறுக மூடியிருந்தது, தோள் முன்னால் தள்ளியிருந்தது. உதை வரப்போகிறது என்று உடம்பு முந்திக்கொள்கிறது. மானைப் புண்ணாக்கியது அந்தப் பதற்றம்தான், ஸ்கோப் சரியாகவே இருந்தது.

அந்தத் துப்பாக்கியை விற்றுவிட்டேன். இப்போது .308, எல்லாம் சேர்த்து 3.7 கிலோ. ஒரு மதியத்தில் முப்பது தோட்டா சுட்டாலும் சிரமமில்லை. சிரமமில்லாததால் அடிக்கடி சுடுகிறேன், அதனால்தான் குறி தேறியது.

உங்களுக்கு நான் சொல்வது 6.5 கிரீட்மோர் அல்லது 7 மி.மீ.-08 தோட்டா. இரண்டுக்கும் உதை .308-ஐவிடக் குறைவு. கிரீட்மோர் 2007-இல் வந்தது, இப்போது தோட்டா எளிதாகக் கிடைக்கிறது. 140 கிரெய்ன் (ஏறக்குறைய 9 கிராம்) குண்டு நீங்கள் சொல்லும் 200 கஜத்தில் மானுக்குத் தாராளம். .243 இன்னும் மென்மை, ஆனால் குண்டு 100 கிரெய்ன்தான், எலும்பில் பட்டால் ஊடுருவக் கொஞ்சம் தயங்கும். முதல் துப்பாக்கிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். .30-06-ஐயும் யாராவது சொல்வார்கள். 1906-இலிருந்து மான் வேட்டையில் பேர் வாங்கிய தோட்டா, குறை சொல்ல எதுவுமில்லை, உங்கள் தோளுக்கு மட்டும் அதிகம். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சாப்பாட்டுத் தட்டு அகலம். அந்தத் தட்டுக்குள் விழும் 6.5, வயிற்றில் விழும் மேக்னத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

தோட்டா வாங்கும்போது நுனி விரியும் வேட்டைக் குண்டாகப் பாருங்கள். இலக்குப் பலகைக்கென்று விற்கும் முழு உறை போட்ட குண்டு விரியாமல் ஊடுருவிப் போய்விடும், மான் நெடுந்தூரம் ஓடும். பல இடங்களில் அதற்குச் சட்டத் தடையும் உண்டு.

இனி முக்கியமான விஷயம். கழுத்தை எட்டி நீட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் தோள் கன்றியதற்கு அதுதான் பாதிக் காரணம் என்பேன். விசையிலிருந்து பின்கட்டையின் முடிவு வரை உள்ள நீளம் பெரும்பாலான ரைஃபிள்களில் 13.5 இஞ்சுக்கு மேல். சராசரி ஆண் உயரத்துக்குச் செய்தது. உங்களுக்கு 12.5 பக்கம் தேவைப்படலாம். கட்டை நீளமாக இருந்தால் தோள் குழியில் உட்காராமல் கைப் பக்கம் நழுவும், உதை எலும்பில் வாங்கும். நிறையப் பேர் கட்டையை முழங்கையில் வைத்து அளப்பார்கள், அதை நம்பாதீர்கள். துப்பாக்கி காலி என்பதை இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடித் தோளில் வையுங்கள், கன்னத்தைக் கட்டையில் சாயுங்கள், அப்புறம் கண்ணைத் திறங்கள். தலையை அசைக்காமலே ஸ்கோப் வட்டம் கறுப்பு ஓரமின்றி முழுதாகத் தெரிந்தால் கட்டை உங்களுடையது. பெருவிரல் கணுவுக்கும் மூக்குக்கும் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். குட்டை உடம்புக்கென்றே சிறு கட்டையோடு வரும் மாடல்கள் இருக்கின்றன. தகடு சேர்த்து, எடுத்து நீளத்தை மாற்றும் கட்டைகளும் உண்டு. போல்ட் (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் பாகம்) எந்தக் கம்பெனி, குழலில் என்ன பூச்சு என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இரட்டைக்குழல்:

முன்பனி அண்ணன் சொன்ன எதிலும் எனக்கு மறுப்பில்லை. ஷாட்கன்னுக்கு மட்டும் வருகிறேன்.

ஆள் சிறியவள் என்றதும் எல்லோரும் 20 கேஜ் என்பார்கள். வாத்துக்கு நான் அப்படிச் சொல்லமாட்டேன். காரணம் ரவை, அதாவது ஷாட்கன் தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள். வாத்துகள் இரை அரைபடக் கல் பொறுக்கும்போது தரையில் கிடக்கும் ஈய ரவையையும் விழுங்கும், விஷம் ஏறிச் சாகும். அதனால்தான் அமெரிக்கா 1991-இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை நாடு முழுவதும் தடை செய்தது, வேறு பல நாடுகளும் தடை செய்திருக்கின்றன. சட்டம் கேட்காத இடத்திலும் தண்ணீர் ஓரம் ஈயம் சுடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சரி, எஃகுக்கு வந்தால் அது லேசு. ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகு 7.8. அதே அடி விழ வேண்டுமென்றால் இரண்டு அளவு பெரிய ரவை வேண்டும். ஈயத்தில் 4-ஆம் எண் சுட்டவர் எஃகில் 2-ஆம் எண்ணுக்குப் போக வேண்டும் (எண் குறைந்தால் ரவை பெரிது). பெரிய ரவைக்கு இடம் தேவை. 12 கேஜில் 32 கிராம் தோட்டாவில் 2-ஆம் எண் ரவை சுமார் 140 இருக்கும். 20 கேஜில் 25 கிராம் என்றால் 110 பக்கம்தான்.

உதைக்கு என்ன செய்வது? வாயுவில் இயங்கும் செமி-ஆட்டோ எடுங்கள், வெடித்த வாயுவின் விசையால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். உதையை ஒரே குத்தாக இல்லாமல் கொஞ்ச நேரத்துக்குப் பரப்பிக் கொடுக்கும். கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் விலை மலிவு, சேற்றையும் தாங்கும், ஆனால் உதை முழுவதும் உங்களுக்கே. பழகும்போது 24 அல்லது 28 கிராம் ரவை உள்ள லேசான தோட்டா சுடுங்கள். உதை மிகுந்த 3.5 இஞ்ச் நீளத் தோட்டாவைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். ஒரு விஷயம், சில செமி-ஆட்டோக்களில் மிக லேசான தோட்டா சுட்டால் அடுத்தது ஏறாது, சிக்கும். வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் மனம் 20-இல்தான் நிற்கிறது என்றால் வாங்குங்கள், தூரத்தை 30 கஜத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே சட்டைப் பையில் 12-ம் 20-ம் கலக்கவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் மாட்டிக்கொள்ளும். பின்னால் பார்த்தால் அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் ஒரு 12-ஐப் போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். இரண்டு துப்பாக்கி இருக்கும் வீட்டில் இரண்டு பெட்டி, இரண்டு அலமாரி.

ரவை எவ்வளவு பரவும் என்பதைக் கட்டுப்படுத்தக் குழல் வாயில் இருக்கும் குறுக்கமான சோக்கைப் பற்றி எவ்வளவு பேசினாலும் காகிதத்தில் சுட்டுப் பார்க்காமல் ஒன்றும் தெரியாது. பெரிய பழுப்புக் காகிதத்தை விரித்து நிறுத்துங்கள். நீங்கள் நிஜமாகச் சுடப்போகும் தூரத்தில், 35 கஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நடுவைப் பார்த்து ஒன்று. ஓட்டைகள் எங்கே அடர்த்தியோ அங்கே மையம் வைத்து 30 இஞ்ச் விட்டத்தில் வட்டம் போட்டு, பென்சிலால் ஒவ்வொன்றாகக் கோடு கிழித்துக்கொண்டே எண்ணுங்கள். ஒரு காகிதத்தை நம்பக் கூடாது, குறைந்தது மூன்று சுடுங்கள். மொத்த ரவையில் எத்தனை பங்கு வட்டத்துக்குள் என்பதைவிட, உள்ளங்கை அகல வெற்றிடம் எங்காவது விழுந்திருக்கிறதா என்பதைப் பாருங்கள். அந்த வெற்றிடத்தில்தான் வாத்து அடிபட்டும் சாகாமல் தப்பும். எஃகு ரவை ஈயத்தைவிட நெருக்கமாகப் போகும், ஆகையால் நடுத்தரக் குறுக்கமான மாடிஃபைடு சோக்கோ அதைவிடத் தளர்வான இம்ப்ரூவ்டு சிலிண்டரோ போதும். மிக இறுக்கமான ஃபுல் சோக்கில் எஃகைச் சுடாதீர்கள், பழைய துப்பாக்கியாக இருந்தால் குழல் வாயே கெட்டுப்போகும்.

இன்னொன்று. ஷாட்கன்னில் குறி பார்க்க உதவும் பின் சைட் கிடையாது, உங்கள் கண்தான் பின் சைட். அதனால் எந்தக் கண் ஆளுகிறது என்று பார்த்தீர்களா? இரண்டு கண்ணும் திறந்திருக்கத் தூரத்து விளக்கை விரலால் சுட்டுங்கள். இடது கண்ணை மூடும்போது விரல் விளக்கிலேயே நின்றால் வலது கண் ஆள்கிறது. விலகிப் போனால் இடது.

நாணல்:

இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. அந்த மானைப் பற்றிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

விரல் சோதனை செய்தேன். விலகிப் போகிறது. ஐந்து தடவை பார்த்துவிட்டேன், இடது கண்தான். வலது கைக்காரிக்கு இடது கண் என்றால் என்ன செய்வது?

இரட்டைக்குழல்:

நல்ல வேளை, வாங்குவதற்கு முன்னால் தெரிந்தது. இரண்டு வழி. ஒன்று, வலது தோளிலேயே சுட்டு, பாதுகாப்புக் கண்ணாடியின் இடது வில்லையில் ஒரு சிறு மங்கல் டேப் ஒட்டுவது. துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றும்போது குழல் வாய் எங்கே தெரிகிறதோ அந்த இடத்தை மறைக்கிற அளவு போதும், காசு அகலம்கூட வேண்டாம். இன்னொன்று, இடது தோளுக்கு மாறுவது. பத்து வருடம் பழகியவரிடம் மாறச் சொல்லமாட்டேன். நீங்கள் மொத்தமே ஐந்து தோட்டா சுட்டவர், பறக்கும் பறவையை இரண்டு கண்ணையும் திறந்துவைத்துச் சுடுவதுதான் சுகம். மாறுங்கள். இரண்டு மாதம் கை கோணும், அப்புறம் சரியாகிவிடும். ரைஃபிளில் ஸ்கோப் இருப்பதால் இது அவ்வளவு பெரிய விஷயமில்லை, ஆனால் ஷாட்கன் இடது, ரைஃபிள் வலது என்று வைத்துக்கொண்டால் அவசரத்தில் குழம்பும். இடது கை போல்ட் கிடைக்கும், தேடுங்கள்.

திருகாணி:

பணம் எதில் என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ரைஃபிளில் மிச்சம் பிடிக்கலாம். இன்றைய சாதாரண விலை போல்ட்-ஆக்‌ஷன்களே 100 கஜத்தில் மூன்று தோட்டாவை ஒன்றரை இஞ்சுக்குள் போடுகின்றன, மானுக்கு அதற்கு மேல் தேவையில்லை. ஸ்கோப்பிலும் அதைப் பிடிக்கும் ரிங்கிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். பிறகு தோட்டாவுக்குப் பணம் ஒதுக்குங்கள், வருடத்துக்குக் குறைந்தது இருநூறு தோட்டா சுட வேண்டும்.

3-9x40 ஸ்கோப் போதும், அதாவது 3 முதல் 9 மடங்கு பெருக்கம், 40 மி.மீ. முன் கண்ணாடி. பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். முன் கண்ணாடியின் 40-ஐப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம். 9-இல் 4.4 மி.மீ., 4-இல் 10 மி.மீ. மங்கிய அந்தி நேரத்தில் 9-இல் வைத்துவிட்டு இருட்டாக இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு. குறைத்து வையுங்கள், வெளிச்சம் வரும். காட்டுக்குள் நடக்கும்போது எப்போதும் 3-இலேயே இருக்கட்டும்.

மாட்டும்போது கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை இஞ்ச் இடைவெளி. இதை நின்று பார்த்தால் மட்டும் போதாது, உட்கார்ந்தும் படுத்தும் பாருங்கள். படுக்கும்போது தலை முன்னால் போகும், புருவத்தில் ஸ்கோப் வெட்டுவது அப்போதுதான். ரிங் திருகுகளை முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவரால், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, பெரும்பாலும் 15 முதல் 20 இஞ்ச்-பவுண்டுக்குள், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. கைக்கணக்கில் முறுக்கி ஸ்கோப் குழாயை நசுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குறி சரிசெய்ய முதலில் போல்ட்டை எடுத்துவிட்டுக் குழல் வழியாக இலக்கைப் பார்த்து, ஸ்கோப்பின் நடுவையும் அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு 25 கஜத்தில் சுடுங்கள். எம்.ஓ.ஏ. என்பது 100 கஜத்தில் ஏறக்குறைய ஒரு இஞ்ச் வரும் கோண அளவு; ஒரு கிளிக்குக்குக் கால் எம்.ஓ.ஏ. நகரும் ஸ்கோப்பில் 25 கஜத்தில் ஒரு இஞ்ச் நகர 16 கிளிக், 100 கஜத்தில் 4 கிளிக். 100 கஜத்தில் நடுவுக்கு இரண்டு இஞ்ச் மேலே விழும்படி நிறுத்தினால் கிரீட்மோர் 200-இல் ஏறக்குறைய நடுவுக்கு வந்துவிடும். உங்கள் தூரம் முழுவதும் நடுவைப் பார்த்தே சுடலாம். மூன்று சுட்டதும் குழல் ஆறட்டும். தோட்டா பிராண்டை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

காதுக்கு நல்ல மறைப்பு. 140 டெசிபலுக்கு மேல் ஒரே வெடிச் சத்தம் போதும் காது கெட, ஏறக்குறைய எல்லா வேட்டைத் துப்பாக்கியும் அதைத் தாண்டும். அப்புறம் ஒரு பைனாகுலர். அது கட்டாயம். ஸ்கோப்பால் தேடுகிறவர் தான் பார்க்கும் ஒவ்வொன்றின் மேலும் குழல் வாயை நீட்டுகிறார். புதருக்குள் அசைவது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம்.

நாணல்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். இடது கை 6.5 கிரீட்மோர், சிறு கட்டை, ஸ்கோப்போடு 3.5 கிலோ. இடது கை 12 கேஜ் வாயு செமி-ஆட்டோ, 26 இஞ்ச் குழல். இடது பக்கம் முதல் மூன்று வாரம் அழுகை வந்தது, இப்போது வலது பக்கம் வைத்தால்தான் அந்நியமாக இருக்கிறது.

காகிதத்தில் மூன்று தடவை, 35 கஜம், மாடிஃபைடு: வட்டத்துக்குள் 101, 97, 104. இம்ப்ரூவ்டு சிலிண்டரில் 80-ஐ ஒட்டி வந்தது, வலது மேல் பக்கம் ஒரு வெற்றிடம் இரண்டு காகிதத்தில் தெரிந்தது. மாடிஃபைடையே வைத்துக்கொண்டேன்.

முன்பனி அண்ணா, போலித் தோட்டா வைத்து என் அக்காவை நிரப்பித் தரச் சொன்னேன். முதல் நாள் பத்தில் ஆறு தடவை குழல் ஆடியது. நேற்று பத்தில் ஒன்று. தோளில் கன்றல் இல்லை.

இப்போது ஒவ்வொரு தடவை போகும்போதும் குளிர்ந்த குழலில் முதல் தோட்டாவை மட்டும் ஒரே காகிதத்தில் சுட்டுத் தேதி எழுதி வைக்கிறேன். காட்டில் எனக்குக் கிடைக்கப்போவது அந்த ஒரு தோட்டாதானே. ஒன்பது ஓட்டை இருக்கிறது, எட்டு உள்ளங்கைக்குள். ஷாட்கன் கட்டையில் மட்டும் இன்னும் ஒரு கால் இஞ்ச் தகடு எடுக்கலாமா என்று யோசிக்கிறேன், சரியாகப் பொருந்துகிற மாதிரியும் இருக்கிறது, கொஞ்சம் நீளம் மாதிரியும் இருக்கிறது.

முன்பனி:

அந்த ஒன்பதாவது எந்தத் தேதி, அன்றைக்கு என்ன ஆனது என்று பாருங்கள் தங்கச்சி. மற்ற எட்டைவிட அதில்தான் விஷயம் இருக்கிறது.

கட்டையை என்ன உடுப்பில் வைத்துப் பார்த்தீர்கள்? வாத்துப் பருவத்தில் தடித்த கோட்டுப் போட்டிருப்பீர்களே.

நாணல்:

வெறும் சட்டையில்தான் பார்த்தேன் அண்ணா. கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு இப்போதே வைத்துப் பார்க்கிறேன்.

நாணல்:

எடுக்க வேண்டும். கோட்டோடு வைத்தால் கட்டை அக்குளில் சிக்குகிறது. அந்தத் தகட்டை எடுத்துவிட்டேன், தடையில்லாமல் ஏறுகிறது.